சீனி மீது 17-பி

இன்னும் ஏழே நாளில் இந்த நாயை வீட்டை விட்டு வெளியேற்றாவிட்டால் தான் ஓர் அரசு ஊழியனே இல்லை என்று சக்கரபாணி சபதம் செய்தார். நின்றுகொண்டே செய்தார். உட்கார இடமில்லை. அவருடைய சாய்வு நாற்காலியில் நாய் படுத்திருந்தது.

படுத்திருந்தது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. யாரோ கொட்டிவிட்டுப் போனது மாதிரிக் கிடந்தது. வெண்ணெய் நிறத்தில் உடம்பு. கரி பூசின முகம். எந்த நிமிஷமும் கீழே விழுந்துவிடுவோம் என்று மிரட்டுகிற இரண்டு கண்கள். முதுகின் மேல் ஜாங்கிரி பிழிந்தது போல ஒரு வால். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மடிப்பு. அந்த மடிப்புக்குள்ளிருந்து, தண்ணீர் வற்றின கிணற்றில் மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம்.

சக்கரபாணிக்கு வயது ஐம்பத்து மூன்று. திருவண்ணாமலையை ஒட்டின வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அவர் மேஜைக்கு வந்த எந்தக் கோப்பும் ஓர் ஆட்சேபணையாவது வாங்காமல் திரும்பிப் போனதில்லை. ஒரு கோப்பில் எல்லாமே சரியாக இருந்தபோது, 'இவ்வளவு சரியாக இருப்பதன் காரணம் விளங்கவில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பியவர். எதைப் பார்த்தாலும் குறை கண்டுபிடிக்க அவருக்கு அரை நிமிஷம் போதும். இந்த நாய்க்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

"இன்னா இது?"

"நாய்ங்க," என்றாள் மனைவி சந்திரகலா, வெண்டைக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நாயா? நாய்க்கு மூஞ்சி வெளிய இருக்கும். இதுக்கு உள்ள போயிருக்கு. ஓடி வந்து செவுத்துல மோதிக்கிச்சா?"

"பொறப்பே அப்பிடித்தான். பக்குனு பேரு."

"பாத்தா பக்குனுதான் இருக்கு. யாரு கொணாந்து தள்ளினது?"

"நம்ம கீதாதான் கார்ல குடுத்தனுப்பினா. அவ சிநேகிதி ஜெர்மனிக்குப் போயிட்டாளாம். பாத்துக்க ஆளு இல்லியாம்."

கீதாஞ்சலி அவர்களுடைய ஒரே பெண். பெங்களூரில் வேலை. அப்பாவின் ஆட்சேபணைகளை மதிக்காத இரண்டாவது ஜீவன். முதல் ஜீவன் எதிரே வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தது.

"இதுக்கு இன்னா பேரு?"

"சீனி. சீனா தேசத்து ஜாதியாம், அதனால. சக்கரையும் சீனியும் ஒரே வூட்டுல. நல்லாத்தான் இருக்கு."

"கலா, எனக்கு எரியுது. ஏழு நாளு. அதுக்குள்ள இது இங்க இருக்கக் கூடாது."

"நான் இன்னா புடிச்சா வெச்சிருக்கேன்? தாராளமா அனுப்புங்க. ஆனா கீதா கேப்பா. 'அப்பாவுக்குக் காரணமே இல்லாம எதயும் வேணாங்கறதுதான் வேல'ன்னுவா. நீங்க எழுத்துல குடுத்துடுங்க. இதுக்கு இன்னின்ன கோளாறு, அதனால வேணாம்னு. எழுத்துல இருந்தா அவ எப்பிடி மறுப்பா?"

எழுத்தில்! சக்கரபாணியின் முகம் மலர்ந்தது. முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் மனைவி அவரிடம் ஓர் ஆட்சேபணையைக் கேட்டு வாங்குவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அடுத்த மூன்று நாள் அலுவலகத்தில் கோப்புகள் நிம்மதியாகத் தூங்கின. சக்கரபாணி செல்போனில் பக் நாயின் வம்ச வரலாற்றைப் படித்தார். படிக்கப் படிக்க அவருக்கு ஏளனம் பொங்கியது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், ஆறு இட்லிக்கு நடுவே, அதை மனைவி தலையில் கொட்டினார்.

"கேட்டுக்க கலா. இது சீனா ராஜாவுங்க மடியில உக்கார்றதுக்குன்னே வளத்த ஜாதி. ரெண்டாயிரம் வருஷமா ஒரே உத்தியோகம். உக்கார்றது."

"சர்க்கார் உத்தியோகம்."

"குறுக்க பேசாத. நெத்தியில மடிப்பு மடிப்பா இருக்கே, அது சீன எழுத்துல ராஜான்னு எழுதினா மாதிரி இருக்குதாம். அதப் பாத்து மெய்மறந்து போவானுங்களாம்."

"உங்க நெத்தியிலயும் மூணு மடிப்பு இருக்குது."

"அது பொறுப்பு. அப்பறம் டச்சுக்காரன் கப்பல்ல ஏத்திக்கினு போனான். அங்க ஒரு இளவரசன் கூடாரத்துல தூங்கறப்போ எதிரி வந்துட்டானாம். இதோட பாட்டன் எவனோ கொலச்சி எழுப்பி உயிரக் காப்பாத்தினானாம். கதை வுடறானுங்க! காலையில பால்காரரு இதத் தாண்டிக்கினு அடுப்பங்கரை வரைக்கும் வந்தாரு. ஒரு கண்ணத் தொறந்துச்சா? அடுத்தது இங்கிலாந்து ராணி. அந்தம்மா மந்தையா வளத்துச்சி. கடைசியா நம்ம ஊரு. போன் விளம்பரத்துல ஒரு சின்னப் புள்ள பின்னால ஓடிச்சி, அதப் பாத்துட்டு வெயிலு ஊத்தற ஊருல எல்லாம் இத வாங்கிக் கட்டினானுங்க. நூறு டிகிரி காயற அக்னி ஸ்தலத்துல, மூச்சு வுட வழியில்லாத நாய்!"

"பாவம், மூச்சுக்கு இன்னாவாம்?"

"அழகா இருக்கணும்னு மூக்கச் சின்னது பண்ணி, சின்னது பண்ணி, கடைசில மூக்கே இல்லாம பண்ணிட்டானுங்க. உள்ள இருக்கற தோலு சதையெல்லாம் அப்பிடியே இருக்குது, வாசல மட்டும் அடச்சிட்டான். அதான் குறட்டை. மனுசன் கெடுத்த வேல. இன்னும் ஒரு இட்லி வை."

நாய் அவர் காலடியில் உட்கார்ந்து இட்லியைப் பார்த்தது. பக்குக்கு இன்னொரு குணம் உண்டு. ஒருவரைப் பிடித்துப்போனால் நிழல் மாதிரி பின்னாலேயே போகும். சீனி சக்கரபாணியைத் தேர்ந்தெடுத்திருந்தது. அவர் கூடத்துக்குப் போனால் கூடம். மொட்டை மாடிக்குப் போனால் படிக்கட்டு வரை. குளியலறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து உள்ளே இருப்பவரை நினைத்துப் பெருமூச்சு விட்டது. "மானங்கெட்ட நாயே, உன்ன வெளிய தள்ளத்தான்டா இவ்ளோவும் படிக்கறேன்," என்று அவர் அதனிடமே சொல்லிப் பார்த்தார். அது வாலை ஒரு சுற்று அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை நாஷ்டா முடிந்ததும் சக்கரபாணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தார். எழுதப்போவது சாதாரணக் கடுதாசி இல்லை. 17-பி. அந்த எண்ணைக் கேட்டாலே அரசு ஊழியர்கள் லீவு போட்டுவிடுவார்கள். குற்றங்களை ஒன்று, இரண்டு என்று வரிசையாக அடுக்கி, 'உம்மை ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது' என்று கேட்கிற குறிப்பாணை. அதை நாய்க்குக் கொடுப்பது இந்திய நிர்வாக வரலாற்றிலேயே முதல் தடவை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்.

கண்ணாடியைத் தேடினார். காணோம். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு யானையும் எருமையும் ஒன்றுதான்.

"நான் அப்பறம் தேடித் தரேங்க," என்றாள் சந்திரகலா, காகிதமும் பேனாவுமாக. "நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். என் கையெழுத்துதான் குண்டு குண்டா இருக்குமே."

அவருக்கும் நடந்துகொண்டே சொல்வதுதான் பிடிக்கும். பெரிய அதிகாரிகள் அப்படித்தான் சொல்வார்கள்.

"மேல பேரு எழுதற எடத்தக் காலியா வுடு. கடைசில போட்டுக்கலாம்."

"சரிங்க. ஆனா வரிக்கு வரி நாய், நாய்னு எழுதணுமா? படிக்க அசிங்கமா இருக்காதா?"

சக்கரபாணி இரக்கத்தோடு சிரித்தார். "அதுக்குத்தான் ஆபீஸ் பாஷைல ஒரு வார்த்தை வெச்சிருக்கோம். மேற்படியார்னு போடு."

"நாய்க்குப் போயி 'யார்' மரியாதையா?"

"பைத்தியமே, மரியாதையா எழுதினாத்தான் வேல போவும். ம், எழுது. ஒன்று. மேற்படியார் உறங்கும்போது எழுப்பும் குறட்டை ஒலி, அண்டை அயலாருக்கும் இடையூறாக உள்ளது."

சந்திரகலா எழுதினாள். பேனாவைக் கன்னத்தில் வைத்து யோசித்தாள். "நடுநடுவுல மூச்சு நின்னு போவுதே. அத எழுத வேணாமா?"

அவர் நடப்பதை நிறுத்தினார். "நிக்குதா? நான் பாக்கலியே. நல்லா கவனிச்சிருக்க. எழுது. இடையிடையே மூச்சு நின்று, பின் திடுக்கிட்டுத் தொடர்கிறது."

"எவ்ளோ நேரம் நிக்குதுன்னும் போடலாமா? நான் எண்ணிப் பாத்தேங்க. இருபது வரைக்கும் போவுது."

"எண்ணியா பாத்த? சபாஷ். போடு, போடு. இரண்டு. மேற்படியாருக்குக் கழுத்து என்று ஒன்று காணப்படவில்லை. தலை நேரடியாகத் தோளின் மேல் வைக்கப்பட்டுள்ளது. மூன்று. ஏழு படி ஏறினால் நாக்கு வெளியே தள்ளுகிறது."

"வாய் வழியா மூச்சு வாங்குதுன்னு போடறேன். டீசன்டா இருக்கும்."

"போடு. நான்கு. தொந்தி ஜாஸ்தி, நடமாட்டம் கம்மி. நடக்கச் சொன்னால் வெயில், மழை, பனி என்று காரணம் காட்டி உட்கார்ந்துவிடுகிறார். ஐந்து. எவ்வளவு சாப்பிட்டாலும் போதும் என்ற எண்ணம் வருவதில்லை. ஆறு. உட்கார்ந்த இடத்திலேயே பகலிலும் கண் அயர்ந்துவிடுகிறார். ஏழு. உபயோகமான எந்தக் காரியமும் செய்யாமல், நாள் பூராவும் ஒரே நாற்காலியை ஆக்கிரமித்துக்கொண்டு, மற்றவர்களை அதிகாரமாகப் பார்க்கிறார்."

"இது ரொம்பப் பொருத்தமா இருக்குதுங்க," என்றாள் சந்திரகலா.

"அனுபவம்," என்றார் சக்கரபாணி. கீழே அவள் விரல் காட்டின இடத்தில், பழக்க தோஷத்தில், தேதியோடு கையெழுத்துப் போட்டார். ரப்பர் ஸ்டாம்பு அலுவலகத்தில் இருந்தது. இல்லாவிட்டால் அதையும் ஓங்கிக் குத்தியிருப்பார்.

"இத அப்பிடியே ஒரு டாக்டர்கிட்ட காட்டி, ஆமான்னு ஒரு வார்த்தை வாங்கிட்டா கீதா வாயே தொறக்க மாட்டா," என்றாள் அவள். "செங்கம் ரோடு பக்கம் ஒரு டாக்டர் இருக்காரு. ஞாயித்துக்கெழம கூட்டம் கம்மியா இருக்கும்."

ஆட்டோ பிடித்தார்கள். சக்கரபாணி மடியில் நாய். இரண்டாயிரம் வருஷப் பழக்கம். அது கேட்காமலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.

செங்கம் ரோட்டை ஒட்டின தெருவில் அது ஒரு மாடி வீடு. வாசலில் இரண்டு போர்டுகள். சக்கரபாணிக்கு இரண்டுமே வெள்ளைப் பலகைகளாகத் தெரிந்தன. கீழே கால்நடை மருத்துவர் முருகவேல். இளவயதுக்காரர். நாயை மேஜை மேல் ஏற்றி, வாயைத் திறந்து, நெஞ்சில் குழாய் வைத்து, முகத்து மடிப்புகளைப் பிரித்துப் பார்த்தார்.

"நல்லா இருக்கு சார். இந்த ஜாதில மூக்குத் துவாரம் இவ்ளோ தெறப்பா இருக்கறது அபூர்வம். எட்டு கிலோ, கரெக்டான எடை. கண்ணு மட்டும் அடிபடாம பாத்துக்கங்க, வெளிய துருத்திக்கினு இருக்குது இல்லியா? மூஞ்சி மடிப்பத் தெனம் ஈரமில்லாம தொடைங்க. வெயில்ல கூட்டிப்போவாதீங்க."

சக்கரபாணிக்கு முகம் தொங்கிப்போயிற்று. "குறட்டை?"

"கொஞ்சம் வுடத்தான் வுடும். மூச்சு நிக்கலியே?"

"நிக்குது டாக்டர்! இருபது எண்ற வரைக்கும் நிக்குது. எழுத்துலயே இருக்கு!"

முருகவேல் சந்திரகலாவைப் பார்த்தார். "அந்தப் பேப்பர நாங்க மேல காட்டிக்கறோம் டாக்டர்," என்றாள் அவள் அவசரமாக. கணவர் பக்கம் திரும்பி, "மேல பெரிய டாக்டரம்மா இருக்காங்க. அவங்க எழுதினாத்தான் செல்லும். சீனி இங்கயே நகம் வெட்டிக்கட்டும்."

மேலதிகாரி மாடியில்தான் இருப்பார் என்பது சக்கரபாணிக்குத் தெரிந்த நியாயம். ஏறினார். பதினெட்டுப் படி. இரண்டு இடத்தில் நின்று, மாடியின் கட்டுமானத்தைப் பார்வையிடுவது போல மூச்சு வாங்கிக்கொண்டார்.

டாக்டர் ஆதிலட்சுமி ஐம்பது வயதுக்காரர். குறிப்பாணையை வாங்கி முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தார். முகத்தில் வியப்பு.

"என் சர்வீஸ்ல இவ்ளோ தெளிவா யாரும் எழுதிக்கினு வந்ததில்ல சார். எத்தன வருஷமா இருக்கு?"

"பொறந்ததுலேந்து மேடம்," என்றார் சக்கரபாணி. பாராட்டில் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. "பரம்பரைக் கோளாறு."

"அப்பாவுக்கும் இருந்துச்சா?"

"வம்சத்துக்கே. ரெண்டாயிரம் வருஷமா."

பேனா ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. "சாப்பாடு எப்பிடி?"

"எதப் போட்டாலும் துன்னும். தட்ட நக்கிட்டுத்தான் எழுந்திருக்கும்."

"படுக்கறது கட்டில்லயா?"

"கட்டில்ல எவன் சேப்பான் மேடம்? மூலைல ஒரு சாக்கு போட்டிருக்கோம்."

டாக்டரம்மா தலையைத் தூக்கி சந்திரகலாவைக் கடுமையாகப் பார்த்தார். சந்திரகலா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"மனசு எப்பிடி இருக்கு? சோர்வா?"

"அதுக்கு மனசு ஏது மேடம்?" என்று சிரித்தார் சக்கரபாணி. "வைத்தியமெல்லாம் வேணாம். நீங்க ஒரு கையெழுத்து போட்டா, யாருக்குன்னா குடுத்துடலாம்னு இருக்கோம். யாரும் வாங்கலன்னா அடி அண்ணாமலை பக்கம் வுட்டுட வேண்டியதுதான். பௌர்ணமிக்கு வர்ற ஜனங்க எதுனா போடும், பொழச்சிக்கும்."

டாக்டர் ஆதிலட்சுமி பேனாவை மூடி மேஜை மேல் வைத்தார். குரல் கனிந்துபோயிருந்தது.

"சார், அப்பிடியெல்லாம் உங்களையே நீங்க வெறுக்கக் கூடாது. இந்த வயசுல நெறைய பேருக்கு வர்றதுதான். வீட்டம்மாகிட்ட நான் பேசறேன். எழுந்து சட்டையக் கழட்டிட்டு அந்தக் கட்டில்ல படுங்க."

"நானா?"

"வேற யாரு? கையெழுத்து உங்களுதுதானே?"

சந்திரகலா கைப்பையைத் திறந்தாள். அதிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து, முந்தானையில் துடைத்து, கணவரின் மூக்கில் மாட்டினாள். சக்கரபாணி படித்தார். காலியாக விட்ட இடத்தில், குண்டு குண்டான எழுத்தில், நிரப்பியிருந்தது. 'மேற்படியார்: சக்கரபாணி. வயது 53.'

"கலா! இது... இது நாய..."

"நாய்னு ஒரு எடத்துலயாவது இருக்குதா பாருங்க," என்றாள் சந்திரகலா.

பார்த்தார். ஒன்று முதல் ஏழு வரை பார்த்தார். இல்லை. ஓர் அட்சரம்கூட மாற்ற முடியாதபடி, அவருடைய சொந்த நடையில், அவருடைய சொந்தக் கையெழுத்தோடு இருந்தது. எல்லாமே சரியாக இருந்தது.

"நான் குறட்டையே வுடறதில்ல மேடம்," என்றார் பலவீனமாக.

"ரெண்டு வருஷமா இதத்தாங்க சொல்றீங்க," என்றாள் சந்திரகலா. "டாக்டர்கிட்ட வாங்கன்னா அதுக்கு ஒரு ஆட்சேபணை. உங்க தம்பி சொன்னாரு, அதுக்கு ஒண்ணு. கீதா அழுதா, அதுக்கு ரெண்டு. மூச்சு நிக்கறது உங்களுக்குத் தெரியாது. பக்கத்துல படுத்து எண்றவளுக்குத்தான் தெரியும். இருபதுன்னு எழுதினேன். போன வாரம் ஒரு நாளு முப்பத்தாறு வரைக்கும் எண்ணினேன்." அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

சக்கரபாணி வாயைத் திறந்தார். முப்பது வருஷ சர்வீஸில் முதல் தடவையாக அதிலிருந்து ஆட்சேபணை எதுவும் வரவில்லை. சட்டையைக் கழற்றினார்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. தூக்கத்துக்கு ஒரு சோதனை. ரத்தத்துக்கு ஒரு சோதனை. பெயருக்கேற்ற வியாதி எல்லை வரை வந்து நின்றுகொண்டிருந்தது. மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குவதற்கு, காற்றடிக்கிற ஒரு மிஷின். ஆறு இட்லி மூன்றாயிற்று. தினமும் விடிந்ததும் மூன்று கிலோமீட்டர் நடை. திருவண்ணாமலையில் பிறந்து, ஸ்கூட்டரில் மட்டுமே மலையைச் சுற்றியிருந்த மனிதர், வெயில் ஏறுமுன் கிரிவலப் பாதையில் கால் தேய நடந்தார். கூடவே நாய். மூன்று கிலோமீட்டரில் அது ஒரு கிலோமீட்டர்தான் நடக்கும். மீதியை அவர் கையில் ராஜா மாதிரி உட்கார்ந்து வரும். எதிரே வருகிறவர்கள் எல்லாம் நாயை மட்டும் பார்த்துச் சிரித்தார்கள். தேங்காய்க் கடை தனம் அம்மாள் தினமும் அதை நலம் விசாரித்தாள். அவரை ஒருவரும் விசாரிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு காலை. அடி அண்ணாமலை தாண்டி ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தார் சக்கரபாணி. நான்கு கிலோ குறைந்திருந்தது. நன்றாகத் தூங்கியிருந்தார். அதைக் கலாவிடம் ஒப்புக்கொள்வதாக இல்லை. தோற்றது தோற்றதுதான்; நாயையாவது அனுப்பிவிட்டால் பாதி மானம் மிஞ்சும் என்று கணக்குப் போட்டு, பெங்களூருக்கு போன் போட்டார்.

"கீதா, அந்த ஜெர்மனி சிநேகிதி எப்பம்மா திரும்பி வரா? நாய அவகிட்ட ஒப்படைக்கணும்."

"எந்த சிநேகிதிப்பா?"

"இந்த நாயோட சொந்தக்காரி."

மறுமுனையில் கீதாஞ்சலி சிரித்த சிரிப்பில் சீனியே காதைத் தூக்கிப் பார்த்தது.

"அப்பிடி யாரும் இல்லப்பா. அது நம்ம நாய்தான். வீட்டுக் காவலுக்கு நல்ல நாயா ஒண்ணு அனுப்பறேன்னுதான் நான் சொன்னேன். அம்மாதான், 'காவலெல்லாம் வேணாம்டி, நல்லா குறட்டை வுடற ஜாதியா பாத்து அனுப்பு'ன்னாங்க."